மூலை மழுக்குகிறவனின் அக்கா

திங்கட்கிழமை காலை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டரிலும் பூவைக் காணோம்.

பூ என்பது திரையின் இடது மூலையில், கீழே, ஐந்து இதழோடு இருந்த பட்டன். அதை அமுக்கினால்தான் மற்றதெல்லாம் திறக்கும். வருஷக்கணக்காக அங்கேயே இருந்ததால் அதை யாரும் பார்த்து அமுக்கியதில்லை. கை தானாகப் போகும். சனிக்கிழமை சாயங்காலம், 'அணைக்க வேண்டாம், புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம்' என்று சொல்லித் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். அந்த வட்டம் சுற்றிச் சுற்றி என்ன காரியம் பண்ணியது என்பது இப்போதுதான் தெரிந்தது. பூவைப் பிடுங்கி நடுவில் நட்டு வைத்திருந்தது. நல்ல அழுத்தமான நீலமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. திறக்கிற பெட்டிகள் அத்தனையும் நான்கு மூலையிலும் மழுங்கி, கரைந்த சோப்புக்கட்டி மாதிரி நின்றன.

வெளியே வெறும் வயிற்றோடு வந்த கூட்டம் வரிசையில் நின்றது. பசியோடு நிற்கிறவர்களிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியுமா? டோக்கன் கொடுக்கிற அண்ணன் இடது மூலையையே தட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றும் இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. ரத்தம் எடுக்கிற பெண்ணுக்கு ஊசி என்று பெயர். கையில் இருப்பதும் அதுதான், நாக்கில் இருப்பதும் அதுதான். குழாயில் ஒட்டுகிற சீட்டு எங்கே அச்சாகிறது என்று தேடிப் பார்த்துவிட்டு, நோயாளியின் கையைக் கட்டிய ரப்பரை அவிழ்த்துவிட்டு, கொஞ்சம் உட்காருங்கள் என்றாள். அறிக்கைகளில் கையெழுத்துப் போடுகிற டாக்டர் உள்ளேயிருந்து மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா இருக்கே" என்றார்.

சொல்லிவிட்டு அவர் திரும்பிப் பார்த்தது கடைசி மேசையை. டோக்கன் அண்ணனும் பார்த்தார். ஊசியும் பார்த்தாள். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவள்தான் ரிப்போர்ட்டக்கா.

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது, சம்பளச் சீட்டில் மட்டும். மற்றபடி எல்லோருக்கும் அவள் ரிப்போர்ட்டக்காதான். அவளைவிட இருபது வயது மூத்த டாக்டரும் வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவார். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, சிறுநீர் என்று மெஷின் துப்புகிற எண்களையெல்லாம் அறிக்கையில் ஏற்றி, அச்சடித்து, கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு ஒட்டுவது அவள் வேலை. ஊரில் பாதிப் பேரின் உடம்பு அவள் விரல் வழியாகத்தான் போயிற்று. ஆனால் அன்று எல்லோரும் அவளைப் பார்த்தது அதற்காக அல்ல. இந்தக் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற ஏற்பாட்டைச் செய்கிற கம்பெனியில்தான் அவள் தம்பி வேலை பார்த்தான். அதை அவள் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. ரத்தம் கொடுக்க வந்தவர்களுக்குக்கூடச் சொல்லியிருக்கிறாள். "நீங்க வீட்டுல கம்ப்யூட்டரைத் திறந்தீங்கன்னா, என் தம்பி கைவைச்சதுதான் முதல்ல தெரியும்" என்பாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"உங்க தம்பி வேலையாக்கா இது?" என்று ஊசி கேட்டாள்.

"பூவை அவன் தொடலை. அது வேற ஆளுங்க. அவன் மூலை மட்டும்தான்" என்றாள் அக்கா.

அது பொய்யில்லை. அந்தக் கம்பெனியில் ஆயிரக்கணக்கான பேர். ஒருவன் நிறம் பார்ப்பான், ஒருவன் எழுத்து பார்ப்பான். இவள் தம்பிக்குக் கிடைத்தது பெட்டிகளின் மூலை. எவ்வளவு வளைய வேண்டும், பெரிய பெட்டிக்கு எவ்வளவு, சின்னதுக்கு எவ்வளவு, ஒன்றன்மேல் ஒன்று வந்தால் எப்படி என்று பார்ப்பதற்கென்றே நாலைந்து பேர் ஒரு அறையில் உட்கார்ந்திருந்தார்கள். படித்த படிப்புக்கு இதுதானா வேலை என்று அவள் முதலில் நினைத்தாள். பிறகு பழைய மேசை ஞாபகம் வந்து, சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டாள்.

அந்த மேசை இன்னும் வீட்டில் இருக்கிறது. சின்ன வயதில் இரண்டு பேரும் அதில்தான் படித்தார்கள். அறை குறுகல், அவள் எழுந்து போகும்போதெல்லாம் மேசையின் மூலை இடுப்பில் இடிக்கும். நீ மேசையை இழுத்து வைத்ததால்தான் இடிக்கிறது என்று அவள் கத்துவாள். நீ பார்த்து நடக்காததால்தான் இடிக்கிறது என்று அவன் கத்துவான். ஒரு நாள் அவள் வெளியே போயிருந்த நேரம், அப்பாவின் பெட்டியிலிருந்து அரத்தை எடுத்து அந்த ஒரு மூலையை மட்டும் அராவி வைத்தான். அப்பா அடித்தார். அவளும் தன் பங்குக்கு, "நல்ல மேசையைக் கெடுத்துட்டியேடா, மூளையால யோசிச்சியா கிட்னியால யோசிச்சியா" என்று கேட்டாள். இப்போதும் யாரைத் திட்டினாலும் கிட்னி வந்துவிடும். அன்றைக்கு வாங்கிய பேச்சோடு அவனுக்கு மூலை மழுக்கி என்று பெயர் நிலைத்தது.

அவர்களுக்குள் சண்டை ஓய்ந்த நாள் கிடையாது. ஃபேனை வேகமாக வைப்பதா மெதுவாக வைப்பதா, கதவை யார் சாத்துவது, குழாய் ஒழுகுவதற்கு வாஷர் காரணமா மரை காரணமா, எதை எடுத்தாலும் அவள் ஒன்று சொன்னால் அவன் இன்னொன்று சொல்வான். சொல்வதோடு விடமாட்டான், நிரூபிப்பான். அவளுக்குக் கல்யாணமான பிறகும், அப்பா அம்மா இருவரும் போன பிறகும், அதே வீட்டில்தான் மூவரும் இருந்தார்கள். சண்டையும் கூடவே இருந்தது. பிறகு அவன் வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போனான். வழியனுப்பிவிட்டு வந்த மறுநாள் அவள், இந்த ஃபேன் சத்தம் போடுகிறது என்றாள். அவள் கணவன், "சரி" என்று சொல்லி எழுந்து அணைத்தான். அவ்வளவுதான். அவள் புழுக்கத்தில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழும் போய்வருகிற ஆளுக்கு வீட்டில் எந்த ஏற்ற இறக்கமும் வேண்டியிருக்கவில்லை. அவள் என்ன சொன்னாலும் சரி. மழை வரும் என்றாலும் சரி, வராது என்றாலும் சரி. நல்ல மனுஷன்தான். ஆனால் சுவரில் பந்து எறிந்தால்கூடத் திரும்பி வரும். இவனிடம் எறிந்தது அங்கேயே தங்கிவிடும்.

தம்பி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணினான். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்பான். குளிரா என்றால் குளிர்தான் என்பான். தலைமுடியை இப்படி வெட்டியிருக்கிறாயே என்றால், "சரிக்கா, மாத்திக்கறேன்" என்பான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவள் வளர்த்த சண்டைக்காரன் எங்கே போனான்? தூரத்தில் இருக்கிறவளை எதற்கு வருத்தப்படுத்த வேண்டும் என்று அவன் விட்டுக்கொடுத்தான். அவன் விட்டுக்கொடுக்க விட்டுக்கொடுக்க அவளுக்கு அவன் இன்னும் தூரத்தில் போய்க்கொண்டே இருந்தான். எட்டு வருஷத்தில் ஒரு தடவைதான் வந்தான், அதுவும் பல் வலியோடு. வாயைத் திறக்க முடியாமல் பத்து நாள் இருந்துவிட்டுப் போனான்.

பூ இடம் மாறிய வாரத்து ஞாயிறு, போனில் அவன் குரல் சுரத்தில்லாமல் இருந்தது. எங்கள் லேபில் எல்லோரும் உன்னைத் திட்டுகிறார்கள் என்று அவள் ஆரம்பித்ததும், உலகம் முழுக்கத் திட்டுகிறார்கள் என்றான். திட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றனவாம். அவன் வேலைக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த காலமும் முடியப்போகிறது. இந்த மூலைக்கெல்லாம் இனி ஆள் வேண்டுமா என்று மேலே பேசிக்கொள்கிறார்களாம்.

"இப்படியே போனா, பெட்டியைக் கட்டி வீட்டுக்கு அனுப்பிடுவாங்கக்கா" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அவள் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு அவன் அறைக்குள் போனாள். கட்டிலின் மேல் வருஷக்கணக்காகச் சேர்ந்திருந்த சாமானையெல்லாம் இறக்கினாள்: ஓடாத மிக்ஸி, கணவனின் லிஃப்ட் கயிற்றுத் துண்டுகள், யாரோ கொடுத்த பழைய சூட்கேஸ். விரிப்பை உதறிப் போட்டாள். என்ன செய்கிறாய் என்று கேட்ட கணவனிடம், சுத்தம் பண்ணுகிறேன் என்றாள். சரி என்றான்.

மறுநாள் லேபுக்குப் போனதும் அவள் தேடியது, திரையின் ஓரத்தில் ஒளிந்திருந்த ஒரு சின்னப் பெட்டியை. 'புதிய தோற்றம் எப்படி இருக்கிறது, உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள்' என்று அதில் எழுதியிருந்தது. மேலே மூன்று மூஞ்சிகள்: ஒன்று சிரித்த மூஞ்சி, ஒன்று சும்மா இருக்கிற மூஞ்சி, ஒன்று உம்மணாமூஞ்சி. ஏதாவது ஒன்றை அமுக்கினால்தான் எழுதியது போகும். அவள் உம்மணாமூஞ்சியை அமுக்கினாள். அமுக்கிவிட்டு எழுதினாள்: "இருந்த இடத்துல இருந்ததை எடுத்து இல்லாத இடத்துல வச்சிருக்கீங்களே, மூளையால யோசிச்சீங்களா, கிட்னியால யோசிச்சீங்களா? உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணான்னு ஆயிடுச்சு எங்க பொழப்பு." அனுப்பியதும், 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு வரி வந்து மறைந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகச் சண்டை போட்ட தெம்பு உடம்பில் ஏறியது.

ஒருத்தி திட்டினால் வேலை போகுமா? அவள் ஆள் சேர்த்தாள். டோக்கன் அண்ணன் வாயால் திட்டுவார், எழுதச் சொன்னால் கை வராது. அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் திட்டத் திட்ட இவள் தட்டினாள். ஊசி தானே எழுதினாள், ஆனால் இரண்டு வரியில் முடித்துவிட்டாள்; அக்கா பக்கத்தில் நின்று அதை எட்டு வரியாக்கினாள். டாக்டருடைய சங்கு அப்படியே போயிற்று. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம், உங்கள் கடையிலும் இதே தொல்லைதானே என்று கேட்டாள். அவர் எனக்கொன்றும் தொல்லையில்லையே என்றார். நன்றாக யோசித்துப் பாருங்கள் என்றாள். யோசித்தபோது அவருக்கும் தொல்லையாகத்தான் இருந்தது. மாடியில் வண்டி ஓட்டச் சொல்லித்தரும் பள்ளியின் மேனேஜரம்மா, எதிர் வரிசைக் கண்ணாடிக் கடை, மாதாமாதம் தைராய்டு பார்க்க வருகிற பள்ளிக்கூட கிளார்க் என்று கூட்டம் பெருகியது. எழுதத் தெரியாதவர்களுக்கு இவளே எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொருவர் வாய்க்கும் தகுந்த மாதிரி திட்டை மாற்றிப் போட்டாள். உம்மணாமூஞ்சியை மட்டும் அவரவர் விரலாலேயே அமுக்க வைத்தாள். அதில் அவளுக்கு ஒரு நேர்மை.

மனசாட்சி இல்லாமல் இல்லை. தம்பி சோற்றில் மண்ணைப் போடுகிறோமே என்று, அறிக்கை அச்சாகி வரும் நேரத்தில் சில சமயம் திக்கென்று இருக்கும். வந்தால் இங்கே வேலை கிடைக்காமலா போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். வந்து, மேசையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நீ சொல்வது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஃபேனை அவன் இஷ்டத்துக்கே வைத்துக்கொள்ளட்டும். இல்லை, அதெப்படி, அது மட்டும் முடியாது. இப்படி அவன் வருவதற்கு முன்னாலேயே ஃபேனுக்கான சண்டையை மனதுக்குள் போட்டுப் பார்த்து, தானே ஜெயித்து, தானே அலுத்துப்போவாள்.

மூன்றாவது வாரத்தில் டாக்டர் காலை வாரினார். இன்னொரு தடவை திட்டலாமா என்று அவள் கேட்டபோது, கையெழுத்துப் போடுவதை நிறுத்தாமலேயே தலையை ஆட்டினார்.

"பழகிடுச்சுக்கா. பழசைப் பார்த்தாத்தான் இப்ப ஒரு மாதிரி இருக்கு."

டோக்கன் அண்ணனின் கையும் நடுவுக்குப் போகக் கற்றுக்கொண்டுவிட்டது. ஊசி, நிறம் கண்ணுக்கு இதமாக இருப்பதாகச் சொன்னாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. இவர்களுக்கு எல்லாமே எப்படி இவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது? தம்பி போன அன்றும் இதையேதான் சொன்னார்கள். பழகிடும், பழகிடும் என்று ஆளாளுக்கு முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். இன்றுவரை இரவுச் சாப்பாட்டுக்கு அவள் கை மூன்று தட்டைத்தான் எடுக்கிறது. ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறாள். பூவை அமுக்க அவள் கையும் நடுவுக்குத்தான் போகிறது இப்போது, அது வேறு விஷயம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளுக்குள் இன்னொன்றும் இருந்தது: யாரும் பார்க்காதபோது, திறந்த பெட்டியின் மூலையில் விரலை வைத்து, அது வளைகிற இடத்தை மெதுவாகத் தடவுவாள். இது அவன் போட்ட வளைவு. கண்ணாடி குளிர்ந்து கிடக்கும்.

அந்த மாதம் முடிகிற ஞாயிறு போன் வந்தது. எடுத்ததுமே அவன் குரலில் பழைய துள்ளல் இருந்தது. வேலை போய்விட்டதா என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அக்கா, வேலை போயிடும்னு சொன்னேன்ல? போகல. இன்னும் மூணு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவன் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனான். திட்டுகளைப் படித்துப் பிரிப்பதற்கு ஒரு தனி அறை இருக்கிறதாம். திடீரென்று ஒரே ஊரிலிருந்து தமிழில் மலை மாதிரி வந்து குவிந்ததாம். கம்ப்யூட்டரை விட்டே மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறார்கள். நொள்ளைக் கண்ணன் என்று ஒருவர் எல்லாவற்றையும் இழந்துவிட்டார் என்று வந்ததைப் படித்துவிட்டு, பார்வைக் குறை உள்ளவர்களுக்கு ஏதோ பெரிய அநியாயம் செய்துவிட்டோம் என்று பதறிப்போய்க் கூட்டம் போட்டார்களாம். சங்கு ஊதுகிற சத்தம் எந்தப் பட்டனை அமுக்கினால் வருகிறது என்று இரண்டு பேர் உட்கார்ந்து தேடினார்களாம். கடைசியில் மூலை அறையில் ஒருவனுக்கு இந்த மொழி தெரியும் என்று கண்டுபிடித்து இவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விளக்கியதும், இவனை விடக்கூடாது என்று முடிவு பண்ணிவிட்டார்கள்.

"இப்ப எனக்கு அதுதான் வேலை. திட்டைப் படிக்கணும், தலைப்புல போடணும். இடம் மாறினது, நிறம், வேகம், எழுத்துன்னு தலைப்பு இருக்கு. எதுலயும் சேரலன்னா மற்றவையில தள்ளிடுவோம். மற்றவையை யாரும் படிக்கறதில்ல" என்றான். பிறகு சிரித்தான். "கிட்னியால யோசிச்சீங்களான்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க."

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"முதல் வரியிலேயே தெரிஞ்சுபோச்சுக்கா. மத்ததும் பாதி நீ எழுதினதுதான்னு தெரியும். சொன்னா நிறுத்திடுவியேன்னுதான் சொல்லல. காலையில போய் உட்கார்ந்து நாலு திட்டு வாங்கினாத்தான் நம்ம வீட்டுல இருக்கற மாதிரி இருக்கு. ஊருக்கு வரணும்னு பறந்துட்டே இருப்பேன்ல, அது இப்ப கொஞ்சம் அடங்கியிருக்கு."

"சரிடா" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான், அது தன் வாயில் வருகிற வார்த்தையே இல்லை என்று அவளுக்கு உறைத்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதென்றால் அது யாரோ வைத்த பூதம். இது இவளே பார்த்துப் பார்த்துச் சோறு போட்டு வளர்த்த பூதம். அவனைக் கூட்டிவரத் திட்டிய திட்டெல்லாம் அவனை அங்கேயே கட்டிப் போட்டுவிட்டது. அதுவும் போகட்டும், வேலைதானே. பறந்துகொண்டிருந்தானாம். வரவேண்டும் என்று அவனும் பறந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். அதையும் இவளே அல்லவா அடக்கிவிட்டாள்! அவன் அறைக் கதவு திறந்து கிடந்தது. உதறிப் போட்ட விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. அவள் கதவைச் சாத்தினாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது மூன்றாவது தட்டைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கணவன் ஒன்றும் புரியாமல் பார்த்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், உம்மணாமூஞ்சியிலிருந்து மூன்று வருஷம்வரை ஒன்றுவிடாமல். சொல்லி முடித்து, இனிமேல் அந்தப் பெட்டிப் பக்கமே போகப்போவதில்லை, ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்றாள். சரி என்று சொல்வான், எழுந்து கை கழுவலாம் என்று காத்திருந்தாள்.

"அது சரியில்ல" என்றான் அவன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சொன்னவனே சொன்னதைக் கேட்டுக் கொஞ்சம் பயந்த மாதிரிதான் இருந்தான். ஆனால் நிறுத்தவில்லை.

"ஊரைக் கூட்டித் திட்டினே. அவனை வான்னு ஒரு தடவை கூப்பிட்டிருக்கியா? நானும் ஞாயித்துக்கிழமை பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கேன். சாப்பிட்டியான்னு கேப்பே. தலைமுடியைக் கேப்பே. வான்னு சொல்லி நான் கேட்டதில்ல."

கூப்பிட்டு வருவதற்கு அவன் என்ன விருந்தாளியா, தானாக வரவேண்டியவன் அல்லவா என்று சொல்ல நினைத்தாள். அந்த வீம்பை எட்டு வருஷமாகத் தின்று செரித்திருக்கிறாள். இன்றைக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. இத்தனை நாள் இந்தப் பதிலை எங்கே வைத்திருந்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். நீ கேட்கவேயில்லையே என்றான் அவன்.

காலையில் கூட்டம் வருவதற்கு முன்பே அவள் லேபில் இருந்தாள். ஊசி பஞ்சு நறுக்கிக்கொண்டிருந்தாள். டோக்கன் அண்ணன் நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்தாள். எழுதினாள்:

"நான்தான்டா. பூ எங்க இருந்தா எனக்கென்ன, ரெண்டே வாரத்துல எனக்கும் பழகிடுச்சு. உன் வேலை போனா நீ வந்துடுவேன்னுதான் எல்லார் கையையும் பிடிச்சு அமுக்க வச்சேன். நீ இங்க இல்லாதது எனக்குப் பழகல. இன்னும் மூணு தட்டுதான் எடுக்கறேன். அந்த மேசை மூலையை நீ அராவின அன்னியிலேர்ந்து ஒரு தடவைகூட என் இடுப்புல இடிச்சதில்ல. அதை உன்கிட்ட நான் சொன்னதே இல்ல. வேலையை விட வேண்டாம். ஒரு தடவை வந்துட்டுப் போ. வாடா."

மூஞ்சியை அமுக்காமல் அது போகாது. எத்தனையோ பேர் விரலைப் பிடித்து அவள் உம்மணாமூஞ்சியில் வைத்திருக்கிறாள். அத்தனையும் பாதிப் பொய். இன்றைக்குத்தான் அதை அவள் உண்மையாக அமுக்கினாள். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்றது திரை.

அன்று போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. படித்திருப்பானா, வேறு யார் கையிலாவது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று அவளுக்கு வேலையே ஓடவில்லை. ஒருவருடைய கொழுப்பை இன்னொருவருடைய சர்க்கரையில் ஏற்றப்போய், டாக்டர் பார்த்துத் திருப்பி அனுப்பினார். அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று ஊசி டோக்கன் அண்ணனிடம் கண்ணால் கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

மூன்றாம் நாள், வேலை நாளில், நடுமத்தியானத்தில் போன் அடித்தது. அங்கே அப்போது விடியக்கூட இல்லை. ஞாயிறு தவிர மற்ற நாளில் அவன் கூப்பிட்டதே கிடையாது. அவள் பாதி தட்டிய அறிக்கையை அப்படியே விட்டுவிட்டு எடுத்தாள்.



"அக்கா, ஒண்ணு வந்திருக்கு. எந்தத் தலைப்புல போடறதுன்னு தெரியல" என்றான்.

"படிச்சியா?"

"மூணு நாளா படிக்கறேன்." பிறகு திடீரென்று குரல் உயர்ந்தது. "எட்டு வருஷமா வான்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ? நான் வந்தா உனக்குத் தொந்தரவுன்னு நினைச்சேன். நான் இல்லாம நிம்மதியா இருக்கேன்னு நினைச்சேன்."

"நிம்மதியா? யாருடா சொன்னது, உன் கிட்னியா? வரேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீ கூப்பிடாம எப்படி வர்றது?"

"உன் வீட்டுக்கு வர உன்னைக் கூப்பிடணுமா?"

"கூப்பிடணும். நீ சொல்றது தப்பு. கூப்பிடணும்."

அவள் எழுந்து நின்றுவிட்டிருந்தாள். குரல் லேப் முழுக்கக் கேட்டது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையெழுத்து டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். அவன் ஒன்று சொல்ல அவள் ஒன்று சொல்ல, பல் வலியோடு வந்துபோன பத்து நாளும் வெளியே வந்தது, தலைமுடி வந்தது, ஃபேன்கூட வந்தது. மெதுவாகத்தான் வைக்க வேண்டும் என்று அவன் இன்னும் சாதித்தான். அவள் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, முடியவே முடியாது என்றாள்.

கடைசியில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்க அவளுக்கும் வாய் வரவில்லை. எதிரே திரையில் பாதி அறிக்கை நின்றுகொண்டிருந்தது. அவள் அதன் மூலையில் விரலை வைத்தாள்.

"வேலைக்குப் போகணும்க்கா. போனதும் இதைப் பிரிச்சுப் போட்டாகணும். எதுல போட?" என்றான் அவன்.

"எதுல வேணா போடு. மற்றவையில மட்டும் போட்டுடாதடா."